அண்ணியோடு கெளுத்தி பிடிக்கப் போனது

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய நாள் முதலாக ரொட்டிக்காரி அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அழைத்துப் போனது அண்ணி. "தனியா இருந்து என்னத்தைக் கிழிச்சே, வா வீட்டுக்கு" என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிட்டாள். அது வசந்த காலம். இப்போது மரங்களில் இலை பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி இன்னும் விடுவதாக இல்லை.

அண்ணிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணைப் பரிசோதித்துப் பவர் சொல்லி, ஃப்ரேமைக் காதில் பொருத்தி, மூக்கில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவள். அப்படிப் பார்த்துப் பார்த்தே பழகிப்போன கண் இப்போது முழுநேரமும் நாத்தனாரின் மேல் இருந்தது. குளியலறைக் கதவுக்கு வெளியே வந்து நிற்பாள்.

"உள்ளே என்ன சத்தத்தையே காணோம்?"

"பல் விளக்குறேன் அண்ணி."

"விளக்குற சத்தம் கேக்கலையே."

"இப்பப் பேசிட்டிருக்கேனே அண்ணி!"

வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் ரொட்டிக்காரிக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இருபது வயதிலிருந்து மாவு மூட்டையைத் தோளில் தூக்கியவள், இப்போது ஒரு தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டு அப்படியே நின்று, நெஞ்சுக்குள் ஏதாவது நடக்கிறதா என்று காத்திருந்தாள். பேக்கரியைப் பார்த்துக்கொள்ள அவளிடமே வேலை கற்ற இரண்டு பெண்கள் இருந்தார்கள். மதியத்தில் போய் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுப்புச் சூட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவாள். மாவில் கை வைக்க மாட்டாள். யாரும் தடுக்கவில்லை, அவளுக்கே துணிச்சல் இல்லை.

டாக்டர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்க இதயம் நல்லா வேலை செய்யுது. நடங்க, நீந்துங்க, மூட்டை தூக்குங்க. பழைய மாதிரி இருங்க."

"மீன் பிடிக்கப் போகலாமா?"

"மீனுக்கு ஆட்சேபம் இல்லைன்னா எனக்கும் இல்ல."

திரும்பி வரும்போது அண்ணி காரை ஓட்டிக்கொண்டே சொன்னாள். "அவருக்கென்ன, சொல்லிட்டு அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டுடுவாரு."

ஆனால் டாக்டரின் பேச்சு ரொட்டிக்காரியின் மனசில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அவள் நீர்த்தேக்கத்துக்குப் போவாள். கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிற ஆள் இல்லை அவள். அவளிடம் மிதவை டியூப் ஒன்று இருந்தது. குதிரை லாடம் போல வளைந்த காற்றுப் பை, நடுவில் துணியில் ஓர் இருக்கை. அதில் உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே தண்ணீருக்குள் இருக்கும். மார்பு வரை வரும் ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு, காலில் வாத்துக்கால் மாதிரி துடுப்புச் செருப்பை மாட்டி, உதைத்து உதைத்துப் போக வேண்டும். முன்பக்கமாக உதைத்தால் டியூப் பின்பக்கமாகப் போகும். போகிற இடம் தெரியாது, விட்டுவந்த கரைதான் கண்ணுக்குத் தெரியும். இந்த வருஷம் மதகைப் பழுது பார்ப்பதற்காகத் தண்ணீரை வெகுவாக இறக்கியிருந்தார்கள். தண்ணீர் குறைந்தால் கெளுத்தியெல்லாம் பழைய ஆற்றுப் பள்ளத்தில் வந்து குவியும். குளிர் வருவதற்கு முன்னால் கண்மண் தெரியாமல் தின்னும். இப்படி ஒரு வருஷம் இனி எப்போது வாய்க்கும் என்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். அண்ணன் தட்டைப் பார்த்தான். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். வீட்டில் முக்கியமான பேச்சு எது வந்தாலும் அவனுக்குப் பதில் தட்டில்தான் இருக்கும்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி. நானும் வரேன்."

"உங்களுக்கு நீச்சலே தெரியாதே அண்ணி."

"உனக்கு இதயம் சரியில்ல, எனக்கு நீச்சல் தெரியாது. ரெண்டும் சரியாப் போச்சு."

அண்ணன் எப்போதோ ஆசைப்பட்டு ஒரு டியூப் வாங்கி, ஓரிரு தடவை போய்விட்டு, கார் ஷெட்டில் தொங்கவிட்டிருந்தான். அதை எடுத்துத் துடைத்து, காற்றடித்து, சோப்பு நுரை பூசி எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்தான். ராத்திரி முழுவதும் அப்படியே வைத்துவிட்டுக் காலையில் அமுக்கிப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது. அவனுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலயே இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். வாசல் வரை போனவன் திரும்பி வந்து, மனைவியின் லைஃப் ஜாக்கெட் வாரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

இரையை ரொட்டிக்காரி தானே பிசைந்தாள். மாவு, கோழி ஈரல், நசுக்கிய பூண்டு, நாள்பட்டுப்போன பாலாடைக் கட்டி. நாற்றம் வீட்டையே தூக்கியது. அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதையா தின்னும்? அந்த ஜென்மங்களுக்கு மூக்கே இல்லையா?" என்றாள்.

"மூக்கு இருக்கிறதாலதான் அண்ணி வருது. மீசையெல்லாம் கூட மோப்பந்தான்."

நீர்த்தேக்கத்தைப் பார்த்ததும் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் காரைவிட்டு இறங்கவில்லை. குளியல் தொட்டியில் அழுக்குக் கோடு விழுந்த மாதிரி, சுற்றிலும் மலைச்சரிவில் தண்ணீர் நின்ற மட்டம் வெளுத்துத் தெரிந்தது. அதற்கும் கீழே, வெடித்த சேறு. அதற்கும் கீழேதான் தண்ணீர், பச்சையும் பழுப்புமாய், வாய்க்கால் போல ஒடுங்கி வளைந்து கிடந்தது. எப்போதோ மூழ்கிப்போன தோப்பின் மொட்டை மரங்கள் வளைவுக்கு அப்பால் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தன. யாரோ ஒருவர் வீட்டுச் சுவர், ஜன்னல் ஓட்டையோடு, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அணைக் காவலர் வந்தார். தொப்பிக்கு மேல் இன்னொரு தொப்பி போட்டிருந்தார். "இந்த சிமென்ட் சரிவு வழியாத்தான் இறங்கணும், இது வழியாத்தான் ஏறணும். மத்த கரையெல்லாம் வண்டல். பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும், கால் வெச்சா இடுப்பு வரைக்கும் உள்ளே போயிடும். போன வாரம் ஒரு மாடு மாட்டிக்கிச்சு, கிரேன் வந்துதான் தூக்கிச்சு."

"எங்களுக்கும் கிரேன் வருமா?" என்று அண்ணி கேட்டாள்.

"படகே தரையில கிடக்கு, மேடம். ஒழுங்கா வந்துடுங்க."

சரிவில் உட்கார்ந்து உடை மாட்டினார்கள். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்க டாக்டர் கொடுத்த மாத்திரையை அண்ணி ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, தன் போனோடு சட்டைப் பையில் வைத்து, அதற்கு மேல் ரப்பர் உடையைப் போட்டு, அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டாள். "என்கிட்ட பத்திரமா இருக்கு. நீ கவலைப்படாதே." ரொட்டிக்காரி தன் போனைக் காரிலேயே விட்டுவிட்டாள். முன்பு ஒன்றைத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறாள்.

துடுப்புச் செருப்போடு முன்னால் நடக்க முடியாது, பின்பக்கமாகத்தான் நடந்து இறங்க வேண்டும். அண்ணி பின்னால் நடந்தபடி, "கல்யாணத்தப்பகூட நான் இவ்வளவு பயந்து நடக்கல" என்றாள். தண்ணீர் தூக்கிக்கொண்டதும் அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது. சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கால்களுக்குக் கீழே மட்டும் ஒன்றுமே இல்லை. முதலில் ஒரு காலால் மட்டும் உதைத்துப் பம்பரம் மாதிரி சுற்றினாள். பிறகு பிடிபட்டுவிட்டது.

ரொட்டிக்காரி மெதுவாக உதைத்தாள். ஒவ்வொரு உதைக்கும் காது உள்ளே திரும்பி இதயத்தைக் கேட்டது. பள்ளத்துக்கு மேலே போய் ஈயக் குண்டை இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் தூண்டில் நரம்பு இரண்டு தடவை துடித்தது. இழுத்தாள். முதல் கெளுத்தி. முழங்கை நீளம், ஈரமான கறுப்புத் தோல், கோபக்கார மாமா மாதிரி மீசை. முள் குத்தாமல் பிடித்து, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த வலைப்பையில் போட்டாள். பிறகு இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. நெஞ்சில் ஒன்றும் ஆகவில்லை. அவள் அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

அண்ணிக்கு ஒன்றும் மாட்டவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. "நாள் பூரா 'இது தெரியுதா, இப்பத் தெரியுதா, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா இப்ப நல்லாத் தெரியுதா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். இங்க யாரையும் ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல" என்றாள். சொல்லி முடிப்பதற்குள், "உனக்கு மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போதுதான் அண்ணியின் தூண்டில் கோல் வளைந்தது.

வளைந்தது என்றால், நுனி தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. ரீல் கிர்ரென்று கத்தியது. அண்ணி "ஐயோ, ஐயோ, ஐயோ" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டியூப் நகர ஆரம்பித்தது. மீன் அவளை இழுத்துக்கொண்டு போனது, தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து இழுப்பது போல.

"ரீலைத் தளர்த்துங்க அண்ணி! திருகைத் தளர்த்துங்க!"

"எந்தத் திருகு?"

ரொட்டிக்காரி பின்னாலேயே உதைத்துக்கொண்டு போனாள். அதே நேரத்தில் காற்றும் எழுந்தது. அதுவரை கண்ணாடியாக இருந்த தண்ணீரில் சிற்றலை ஓடியது. காற்றும் மீனும் ஒரே பக்கமாக, வளைவைத் தாண்டி மொட்டை மரங்களை நோக்கி இழுத்தன.

"அண்ணி, கோலை விட்டுடுங்க!"

"இது என் மீன்டி! உனக்கு மூணு இருக்கு!"

"மரத்துக்குள்ள போகுது, விடுங்க!"

"மாட்டேன்!"

மீன் ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. அண்ணி நிற்கவில்லை. காற்று அவளைத் தள்ளிக்கொண்டு போய், தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருந்த ஒடிந்த கிளையின் மேல் ஏற்றியது. துணி கிழிகிற சத்தம். பிறகு சைக்கிள் ட்யூபில் ஆணி குத்தினால் வருமே, அந்தச் சீறல்.

டியூபின் இடது பக்கம் சுருங்கியது. அண்ணி அந்தப் பக்கமாகச் சாய்ந்தாள். முதுகுப் பக்கமும் வலது பக்கமும் தனித்தனிக் காற்றுப் பைகள், அவை தாங்கின. ஆனால் சாய்ந்த பக்கம் ரப்பர் உடையின் விளிம்பு தண்ணீருக்குள் போய்விட்டது. குளிர்ந்த தண்ணீர் உள்ளே இறங்கியதும் அண்ணி மூச்சு இழுத்த சத்தம் ரொட்டிக்காரிக்கு நன்றாகக் கேட்டது. அண்ணி இன்னும் கோலை விடவில்லை.

பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் ரொட்டிக்காரி முதலில் செய்தது, கழுத்தில் தொங்கிய கத்தரியால் நரம்பை வெட்டியது. கோல் விடுபட்டு நிமிர்ந்தது. அண்ணியின் முகத்தில் அந்த ஒரு நொடி பயம்கூட இல்லை, வெறும் ஏமாற்றம்தான். அதற்கு அடுத்த நொடி, தான் எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது.

"நான் முழுகிடுவேனா?"

"மாட்டீங்க. ஜாக்கெட் போட்டிருக்கீங்க. என் டியூபைப் பிடிச்சுக்கோங்க, என்னைப் பிடிக்காதீங்க."

கரை பக்கத்தில்தான் இருந்தது. கல்லெறிகிற தூரம். காற்று அந்தப் பக்கம்தான் தள்ளியது. ஆனால் அது வண்டல். வெயிலில் பளபளவென்று, நடந்து போகலாம் போல, ஒரு கால் தடம்கூட இல்லாமல் கிடந்தது. அதில் ஒதுங்கினால் உடையெல்லாம் தண்ணீரோடு அண்ணியால் ஒரு அடி வைக்க முடியாது. ரொட்டிக்காரி விசிலை எடுத்து ஊதினாள். காற்று அந்தச் சத்தத்தை வாங்கிச் சேற்றுக்கு மேலே கொண்டுபோய்ப் போட்டது. சிமென்ட் சரிவு வளைவுக்கு அந்தப் பக்கம், காற்றுக்கு எதிரே.

வேறு வழி இல்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. "முடியாது, உனக்கு முடியாது" என்று அண்ணி முந்திக்கொண்டாள். "நான் இங்கேயே மரத்தைப் பிடிச்சுட்டு இருக்கேன். நீ போய் அந்தத் தொப்பிக்காரரைக் கூட்டிட்டு வா."

அவள் உதடு ஏற்கெனவே நிறம் மாறிக்கொண்டிருந்தது. போய்த் திரும்புகிற நேரம் இந்தத் தண்ணீரில் இவள் இருக்க முடியாது என்று ரொட்டிக்காரிக்குத் தோன்றியது. வலைப்பையின் கயிற்றை அவிழ்த்தாள். பை மீன்களோடு கீழே போனது. கயிற்றின் ஒரு முனையை அண்ணியின் டியூபில் இருந்த வளையத்தில் கட்டி, மறுமுனையைத் தன் ஜாக்கெட் வாரோடு சேர்த்துக் கட்டினாள்.

"மாத்திரையை எடுத்துக் குடுங்க அண்ணி."

அண்ணி கழுத்துப் பக்கம் கையை விட்டுப் பார்த்தாள். ஜாக்கெட், அதற்குக் கீழே ரப்பர், ரப்பருக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் சட்டைப் பை. ஜாக்கெட்டைக் கழற்றாமல் மாத்திரையையோ போனையோ எடுக்க முடியாது. அண்ணியின் கண் கலங்கியது. "என்கிட்ட பத்திரமா இருக்குன்னேனே!"

"பத்திரமாத்தான் இருக்கு. விடுங்க" என்று சொல்லிவிட்டு ரொட்டிக்காரி உதைக்க ஆரம்பித்தாள்.

டியூப் பின்பக்கமாகப் போவதால் இருவரும் எதிரெதிரே முகம் பார்த்தபடிதான் போக வேண்டியிருந்தது. அண்ணியின் கண் நாத்தனாரின் முகத்தைவிட்டு அகலவில்லை. கண்ணாடி பொருத்தும்போது பார்ப்பாளே, அதே பார்வை. ரொட்டிக்காரிக்கு அண்ணியின் உதடுதான் தெரிந்தது.

"மூச்சு வாங்குதா?"

"வாங்குது. உதைச்சா வாங்கத்தான் செய்யும்."

"நெஞ்சு வலிக்குதா?"

"பேசாம காலை ஆட்டுங்க. உங்களுக்கும் ரெண்டு கால் இருக்குல்ல?"

அண்ணி உதைக்க ஆரம்பித்தாள். தண்ணீர் நிறைந்த உடையில் அது பெரிதாக ஒன்றும் உதவவில்லை, ஆனால் உடம்பில் கொஞ்சம் சூடு வந்தது. மொட்டை மரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கின. ரொட்டிக்காரியின் இதயம் காதுக்குள் அடித்தது. இவ்வளவு வேகமாக அது கடைசியாக அடித்தது பேக்கரித் தரையில் விழுந்து கிடந்த அன்றுதான். இதோ, இப்போது, இந்த உதையில் என்று நினைத்துக்கொண்டே உதைத்தாள். அந்த உதை போய் அடுத்ததும் வந்தது.

வளைவைத் தாண்டும் இடத்தில் காற்று நேராக முதுகில் அறைந்தது. அங்கேதான் வந்தது. மார்புக்கு நடுவே ஓர் இறுக்கம். யாரோ கையை வைத்து அமுக்குவது போல. அவள் நிறுத்திவிட்டாள்.

அண்ணியின் காலும் நின்றுபோனது. இரண்டு டியூபும் காற்றில் மறுபடி மரங்களின் பக்கமாகப் போக ஆரம்பித்தன.

ரொட்டிக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். இடது தோளைக் கவனித்தாள். ஒன்றும் இல்லை. தாடை. ஒன்றும் இல்லை. வியர்வை இல்லை, குமட்டல் இல்லை. அன்றைக்கு எல்லாம் இருந்தது. மார்பில் கை வைத்துப் பார்த்தாள். இழுவைக் கயிறு ஜாக்கெட்டின் வாரை மேலே இழுத்து, அதன் கொக்கி நெஞ்சுக் குழியில் அழுந்திக்கொண்டிருந்தது. கொக்கியைத் திறந்து, வாரை இறக்கி, மறுபடி மாட்டினாள். ஒரு பெரிய மூச்சு இழுத்தாள். வயிறு வரை போனது.

"என்னடி? என்ன ஆச்சு? வாயைத் திறந்து சொல்லு!"

"கொக்கி, அண்ணி." சிரிப்பு வந்துவிட்டது. "கொக்கி குத்திருக்கு."

"கொக்கியா?"

"ஆமா. வெறும் கொக்கி."

அண்ணி அழ ஆரம்பித்தாள். பல் கிட்டிக்கொண்டு, அழுகையும் நடுக்கமும் ஒன்றாக வந்தன. ரொட்டிக்காரி உதைத்தாள். இந்தத் தடவை எண்ணங்களெல்லாம் இதயத்தைவிட்டுத் தொடைக்கு இறங்கிவிட்டன. தொடை எரிந்தது. கணுக்கால் இழுத்துப் பிடித்தது. மாவு பிசைந்து பிசைந்து நாள் முடிகையில் தோளில் வருகிற அதே வலி, ஆள் தெரிந்த வலி. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. இதயம் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது, வேகமாக, ஒழுங்காக, அதன் வேலையை அது பார்த்துக்கொண்டு.

வளைவு திரும்பியதும் இன்னொரு தடவை விசில் ஊதினாள். சரிவில் நின்றிருந்த காவலர் நிமிர்ந்தார். ஓடி வந்தார். முழங்கால் வரை தண்ணீரில் இறங்கிக் கயிற்றை வீசினார். முதல் தடவை விழுந்த இடம் எட்டவில்லை, இரண்டாம் தடவை ரொட்டிக்காரியின் தலையிலேயே விழுந்தது. அவர் இழுக்க, இவள் உதைக்க, காலுக்கு அடியில் சிமென்ட் தட்டியது. அவ்வளவு உறுதியான ஒன்றை அவள் கால் அதுவரை தொட்டதே இல்லை என்று தோன்றியது.

அண்ணியை இரண்டு பேருமாகத் தூக்கி உட்கார வைத்தார்கள். ரப்பர் உடையைக் கழற்றியபோது வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டியது. சட்டைப் பையில் இருந்த உறைக்குள் மாத்திரை துளி ஈரமில்லாமல் இருந்தது. அண்ணி அதை வெறித்துப் பார்த்தாள்.

"மீன் ஏதாவது கிடைச்சுதா?" என்று காவலர் கேட்டார், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

"பெரிசு" என்றாள் அண்ணி. "இவ வெட்டி விட்டுட்டா."

காரில் ஹீட்டரைப் போட்டு, இருந்த போர்வையெல்லாம் அண்ணியின் மேல் சுற்றினாள் ரொட்டிக்காரி. அண்ணியின் விரல் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற நிலையில் இல்லை. ரொட்டிக்காரியே ஓட்டினாள். ஊருக்குள் நுழைந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பப் போனாள்.

"வீடு அப்புறம். முதல்ல ஆஸ்பத்திரி" என்றாள் அண்ணி.

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி."

"அதை மிஷின் சொல்லட்டும்."

அவசரப் பிரிவில் கூட்டமில்லை. கொண்டையில் பேனா செருகிய நர்ஸ் ஒருத்தி, சேறும் மீன் நாற்றமுமாக வந்து நின்ற இருவரையும் பார்த்து ஓர் அடி பின்வாங்கினாள். அண்ணி பல் தந்தியடிக்க மொத்தக் கதையையும் சொன்னாள். ஸ்டென்ட், மாத்திரை, காற்று, கொக்கி. நர்ஸ் ரொட்டிக்காரியைப் படுக்க வைத்து இ.சி.ஜி. எடுத்தாள், ரத்தமும் எடுத்துக்கொண்டாள். பணியில் இருந்த இளம் டாக்டர் காகிதத்தை நீளமாகப் பிடித்துப் பார்த்தார். பழையதை வரவழைத்து ஒப்பிட்டார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு மறுபடி வந்தார்.

"எவ்வளவு நேரம் இழுத்தீங்க?"

"தெரியல. தொடை செத்துப் போச்சு."

"இதயத்துல ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு. இதைவிடப் பெரிய பரிசோதனையை எங்களால வைக்க முடியாது." சிரித்தார். "ஆனா சொல்லாம கொள்ளாம மறுபடி வைக்காதீங்க."

ரொட்டிக்காரி கூரையைப் பார்த்தாள். கூரையில் ஒரு விசிறி, ஒரு குழல் விளக்கு. மாதக்கணக்காகப் பிடித்துவைத்திருந்த ஏதோ ஒன்று அவளை அறியாமலே கையைவிட்டு நழுவியது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. உடம்பு முழுவதும் லேசாக, சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

பக்கத்தில் நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. "சுத்தமா இருக்கா? நிஜமாவா?" என்று எழுந்த அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் அவள் கையைப் பிடித்து, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"படுங்க."

"எனக்கா? பேஷன்ட் அவதான்."

"அவங்க நல்லா இருக்காங்க. நீங்க படுங்க. இப்படி எகிறியிருக்கு. எப்பலேர்ந்து சரியாத் தூங்கல?"

ரொட்டிக்காரி கட்டிலைவிட்டு இறங்கி இடம் கொடுத்தாள். ஏதோ மாத்திரை கொடுத்து, கம்பளி போர்த்தி, கொஞ்ச நேரம் இருக்கட்டும், அழுத்தம் இறங்கியதும் போகலாம் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள். ரொட்டிக்காரி நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடுத்த வாரம் நீ உன் வீட்டுக்குப் போயிடு" என்றாள் அண்ணி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

"துரத்துறீங்களா?"

"ஆமா. நீ பக்கத்து அறையில இருந்தா எனக்குத் தூக்கமே வர்றதில்ல. ராத்திரி பூரா காது அங்கதான் இருக்கு. நீ இருமினாலும் பயம், இருமலைன்னாலும் பயம்." கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு உன் மூஞ்சியையே பாத்துட்டு வந்தேன். மாவு மாதிரி வெளுத்துடுவேன்னு பாத்தேன். செவந்து போயிருந்தே. தக்காளி மாதிரி."

"நீங்க நாவப்பழம் மாதிரி இருந்தீங்க."

"வாயைப் பாரு." கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "அது எவ்வளவு பெரிசு இருந்திருக்கும்?" என்று கேட்டாள்.

"உங்களை இழுத்துச்சே அண்ணி. நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க."

அண்ணன் வேலை உடையோடு ஓடி வந்தபோது அண்ணி தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, குறட்டையும் வந்துகொண்டிருந்தது. அவன் மாற்று உடை கொண்டுவந்திருந்தான், எல்லாமே தன்னுடையவை. கட்டிலில் மனைவியையும் நாற்காலியில் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனில் தங்கைக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் கேட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லண்ணா. அண்ணிக்குத் தூக்கம். உன் டியூப்தான் கிழிஞ்சு போச்சு."

அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். முகத்தில் கிரீஸ் பட்டது, அவனுக்குத் தெரியவில்லை. நர்ஸ் வந்து பட்டையில் அழுத்தம் பார்த்தாள். இறங்கியிருந்தது. "எழுப்பாதீங்க, தூங்கட்டும்" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள்.

ரொட்டிக்காரிக்கு அகோரமாகப் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அண்ணனின் பெரிய சட்டையை மாட்டிக்கொண்டு, கையை மடித்துவிட்டு, தாழ்வாரத்தின் கோடியில் இருந்த கேன்டீனுக்கு நடந்தாள். தொடை ஒவ்வோர் அடிக்கும் முனகியது. இருந்ததிலேயே பெரிய சாப்பாடாக ஒன்றைச் சொல்லிவிட்டு, ஜன்னலோரமாக உட்கார்ந்து, கடைசிப் பருக்கை வரை நிதானமாகச் சாப்பிட்டாள்.